அறைச் சத்தம்

நான்கு பகுதிகள். தலைமுறைக்கு ஒன்று.
வானொலி, கொட்டகை, கேபிள், கைபேசி என்று
பலசரக்குக் கடைப் பருப்புகளைப் போல்
பிரித்து வைத்திருந்தார் இயக்குநர்.
மூன்றாம் பகுதிக்காகக் கடலூர் முதுநகர் வந்தோம்.
என் வேலை ஒலிப்பதிவு.

வில்வநாதன், வயது அறுபத்தொன்று.
மணிக்கூண்டுக்குக் கிழக்கே முதன்முதலாகக்
கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு வயர் இழுத்தவர்.
சட்டைக்குள் மைக்கைக் குத்தும்போது
அந்துருண்டை வாசம் அடித்தது.

"உங்க தலைமுறையை உருவாக்கினது எது சார்?"

யோசிக்கவே இல்லை. "கூண்டு" என்றார்.

"கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் எண்
புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது.
டிவி எங்க ஊர் பேரை வேற எதுக்குச் சொல்லுச்சு?
எங்கப்பாவுக்கு ரேடியோல இதே வரி.
என் பசங்களுக்கு போன்ல இதே வரி.
பெரியவன் அஞ்சாம் நம்பர்ல பொறந்தான்,
சின்னவ எட்டுல.
நீங்க எதுக்கு நாலாப் பிரிக்கிறீங்க?"

இயக்குநர் கேமராமேனைப் பார்த்தார்.
கேமராமேன் பேட்டரியைப் பார்த்தார்.
"அருமை சார். இப்ப அந்த ஆன்டெனா கதை..."

மூன்று மணிக்கு எல்லாம் முடிந்து
என் பங்குக்குக் கை தூக்கினேன்.
அறைச் சத்தம் வேண்டும், முப்பது விநாடி,
யாரும் அசையக் கூடாது.
பேச்சை வெட்டிய இடங்களில்
ஒட்டுத்துணி அதுதான்.

ஹெட்போனுக்குள்
ஃபிரிட்ஜ் முனகியது.
ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டி ஒன்று
உப்பனாற்றுப் பக்கம் போய்த் தேய்ந்தது.
பத்தொன்பதாவது விநாடியில்
சமையலறைக் கதவுக்குப் பின்னால்
கண்ணாடி வளையல், இன்னொரு வளையலின் மேல்.

அஞ்சலாட்சி.
"ஃப்ரேமுக்குள்ள வந்துடாதீங்கம்மா" என்று
காலையிலிருந்து நாங்கள் அங்கே நிறுத்தி வைத்திருந்தவர்.
"கெட்டுப் போச்சா?" என்றார்.
இல்லை என்றேன்.
ரெக்கார்டரை அணைத்து
வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது
டீ ஆறுவதற்குள் சொன்னார்:

"அவரு கம்பம் ஏறப் போயிடுவாரு.
கேசட் போடறது நான்தான்.
எரநூத்திப் பதினாறு வீடு.
சனிக்கெழம என்ன படம்னு நான்தான் முடிவு பண்ணுவேன்.
சண்டை வந்தா சத்தத்துல புள்ள முழிச்சிக்கும்.
ஓட்டி விட்டுடுவேன்."

எட்டு வருஷம்.
அந்த வார்டின் பிள்ளைகள்
அடி விழும் ஓசையே கேட்காமல் வளர்ந்திருக்கிறார்கள்.
திரையில் கோடுகள் நெளியும், ஆட்கள் பறந்து விழுவார்கள்,
புயல் என்று நினைத்திருக்கலாம்.
பிறகு திடீரென்று நாயகன்
நெற்றியில் கட்டோடு
தாயின் காலடியில் இருப்பான்.
இடையில் நடந்தது
தூளியில் தூங்கிய ஒரு குழந்தைக்குச் செலுத்திய மரியாதை.

இயக்குநரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.
வேன் ஸ்டார்ட் ஆகியிருந்தது.
"அடுத்தது கைபேசி" என்றார்.

ஐப்பசி ஞாயிறு, இரவு ஒன்பதரை.
வில்வநாதன் பதினோரு விநாடி வந்தார்.
ஆன்டெனாவைத் திருப்பிக் காட்டினார், சிரித்தார்.
பெயர் வர வேண்டிய இடத்தில்
சிவப்புப் பட்டை ஊர்ந்தது:
கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண்...

உடனே போன்.
"பாத்தியா தம்பி, பேரையே மூடிட்டான்!"
இருமல் வரும்வரை சிரித்தார்.
பின்னாலிருந்து ஒரு குரல்,
"நான் வந்தேனான்னு கேளுங்க."

வந்தார்.
ஒன்பதாவது விநாடியில் அவர் மூச்சு வாங்கும் இடத்தில்
எடிட்டர் ஒட்டியிருந்தது
அந்தத் துணியைத்தான், அந்த நூலோடு.
அரை விநாடி இருக்கும்.
நாடு முழுக்கப் போனது.

"வளையல் வந்துச்சும்மா" என்றேன்.

மழை தொடங்கியிருந்தது அங்கே,
ஓட்டின் மேல் விழுவது எனக்குக் கேட்டது.

"எந்தக் கை?" என்றார்.