எக்டமி

இரவு இரண்டரை. பெருங்குடி, நாலாவது மாடி.
ஹெட்போனுக்குள் ஒஹையோ டாக்டர்
சூயிங்கம்மோடு சேர்த்து மெல்லுகிறார்:
அப்பெண்டெக்டமி, குடல்வால்.
டான்சிலெக்டமி, தொண்டைச் சதை.
கோலிசிஸ்டெக்டமி, பித்தப்பை;
எண்ணிப் பார்த்தேன், பதினைந்து எழுத்து.

கடைசி ஆறு எழுத்து எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்:
வெட்டி எடுத்தாயிற்று.
அதற்கு ஒரு ஷார்ட்கட் வைத்திருக்கிறேன்,
இரண்டே தட்டு.
வரிக்கு இவ்வளவு என்றுதானே காசு.

"லோபெக்டமி எதுடி?" பக்கத்து சீட் மெஹருன்னிசா.
"நுரையீரல்ல ஒரு மடல்."
டீ குடிக்கப் போனோம்.

காலையில் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி.
அம்மாவின் ஃபைலில் கோணல் கையெழுத்து:
ஹிஸ்டரெக்டமி.
முன்பாதியில்
பத்து மாதம் குடியிருந்திருக்கிறேன்.

"இவ்ளோ நீளமா எழுதியிருக்கானே,
என்னவாம்?"

"ரெஸ்ட் எடுக்கணுமாம்மா."