ஆயிரம் தாண்டும்வரை

ஓடோமீட்டரில் 811.
ஆயிரம் தாண்டும்வரை எதையும் இழுக்காதீங்க,
ஒரே வேகத்துல ஓட்டாதீங்க என்றான்
பீன்யா ஷோரூம் பையன்.

லக்கெரே ஷெட்டில் ஜெனரேட்டர் டிரெய்லர்
தார்ப்பாய்க்குள் குந்தியிருக்கிறது.
மண்டபத்து நஞ்சப்பா மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்.
தவணைக்கு மட்டும்
பழக்கும் காலம் கிடையாது,
ஐந்தாம் தேதியே முழு வேகம்.

ராத்திரி ரிங் ரோட்டில்
காலி வண்டியோடு அலைகிறேன்.
நாற்பது, அறுபது, மறுபடி நாற்பது.
பின்னால் கொக்கி
பெயின்ட்கூட உரியாமல்.

கொரகுண்டேபாளையாவில் ஒருத்தி கைகாட்டினாள்.
மார்க்கெட் வரை, இரண்டு கூடை சாமந்தி.
"எடை எவ்வளவும்மா?"
ஏற இறங்கப் பார்த்தாள்.
"பூவுக்கா?"

இறக்கிவிட்டபோது 822.
பாலம் ஏறிய பிறகுதான் உறைத்தது,
முதல் சுமைக்கு
வாடகை வாங்கவில்லை.