பாரக்கோடு

கொழும்பிலிருந்து கட்டளை வந்த அன்று
முல்லைத்தீவுக் கச்சேரிக்குக் கிடுகு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
தாளில் விழுந்த தூசியை ஊதிவிட்டுத்
தமிழில் பெயர்த்தேன்.
என் உத்தியோகம் அது. மாதம் பதினெட்டு ரூபாய்,
மை அரசாங்கத்தினுடையது.

போன வருடம்தான் தோணிகளுக்கு இலக்கம் வந்தது.
சங்கிலி பிடித்து அடிக்கணக்கில் அளந்து
நடுவளையில் உளியால் வெட்டினோம்.
"எத்தனை மூட்டை நெல் கொள்ளும் எண்டு கேட்டால்
நான் சொல்லியிருப்பனே" என்றான்
சகாயமாதாவின் தண்டையல் மடுத்தீன்.
இந்த வருடம் கோடு.

*கடலோடும் ஒவ்வொரு கலத்தின் விலாவிலும்
அதன் உடையவர் ஒரு கோடு கீறுதல் வேண்டும்.
அக்கோடு நீருள் அமிழும்படி
எவரும் பாரம் ஏற்றலாகாது.*
பாரக்கோடு என்று சொல் அமைத்தேன்.
அன்று பின்னேரம் முழுக்க
அந்தச் சொல்லில் எனக்குச் சின்னப் பெருமை.

கரையில் நின்று வாசித்தேன்.
துறைமுகம் என்று ஒன்றில்லை எங்களுக்கு;
திறந்த கடல், மணல், ஏற்றி இறக்க நாலு வள்ளம்.
ஒட்டுசுட்டானிலிருந்து வந்த வண்டில்கள்
முதிரைக் குற்றிகளை உருட்டிவிட்டு
மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தன.
மடுத்தீன் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டான்:
"எந்த இடத்திலை ஐயா கீறுறது?"

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமை.
கோட்டின் நீளம் இருந்தது, பருமன் இருந்தது,
கறுப்பில் வெள்ளை என்றிருந்தது,
கீறாதவருக்குத் தண்டம் எவ்வளவென்று இருந்தது.
எந்த இடத்தில் என்று
இல்லை.

"உடையவர் விரும்பின இடத்தில்" என்றேன்.
சிரித்தார்கள். நானும்.

நீக்கிலாப்பிள்ளை முதலாளி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து
குடையோடு நின்று கீறுவித்தார்.
விளிம்புக்கு நாலு விரல் கீழே.
தச்சன் நூல் பிடித்தான். அழகான கோடு.
காயுமுன்னரே குற்றி ஏற்றத் தொடங்கினார்கள்.

மடுத்தீன் என்னை வள்ளத்தில் ஏற்றிப்போய்
இன்னொரு கோட்டைக் காட்டினான்:
பாசி படிந்த ஓரம், பச்சையாய், கோணலாய்,
ஒரு கைப்பிடி தண்ணீருக்குள் ஏற்கெனவே.
"இது தோணி தானாய்க் கீறினது.
இதுக்கு மேலை போனால் அவளுக்கு மூச்சு முட்டும்."
கட்டளையில் அதற்குப் பத்தி இல்லை.
கேட்டுக்கொண்டேன்.

ஐப்பசி இருபத்தாறு. வாடை
பனைகளைத் தெற்கே சாய்க்கத் தொடங்கியிருந்தது.
நூற்றிருபது குற்றி. ஐந்து பேர்.
பாசிக்கோடு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.
வெள்ளைக்கோடு
வெயிலில் காய்ந்தபடி போனது.

எட்டாம் நாள் அலம்பிலில்
ஒரு விலாப்பலகை ஒதுங்கியது,
கோடு முழுசாக.
குற்றி ஒன்றுகூட வரவில்லை;
முதிரை மிதக்கிற மரமல்ல.

விசாரணைப் படிவம் ஆறு பக்கம்.
ஒன்பதாம் வினா: புறப்படும்போது
பாரக்கோடு நீருள் அமிழ்ந்திருந்ததா?
இல்லை.
பதினோராம் வினா: கட்டளை மீறப்பட்டதா?
இல்லை.
இரண்டும் உண்மை. நிப்பு தாளில் சிக்கிக் கிழித்தது;
மழைக்காலத்தில் தாள் அப்படித்தான்.

பிறகு மடுத்தீனின் தங்கை திரேசம்மா வந்தாள்.
ஐந்து வீட்டுக்குமாக அவள்தான் வந்தாள்.
அழவில்லை. கணக்குக் கேட்டாள்.
கலம் தாழ்ந்த நாளோடு சம்பளமும் நிற்கும்.
அதுவும் சட்டம்;
அதைத் தெளிவாகவே எழுதியிருந்தார்கள்.
"எந்த நாளிலை ஐயா தாண்டது?"

கண்டவர் இல்லை.
புறப்பட்ட இரவாகவே இருக்கும்,
அந்த இரவு கச்சேரிக் கிடுகே பறந்தது.
படிவத்தில் திகதிக்கு ஒரு சின்னக் கட்டம்.
எந்த நாளை என்று அதில்
எழுதியிருக்கவில்லை.

ஏழாம் நாள் என்று போட்டேன்.

முதலாளி கையொப்பம் வைக்கும்போது
விரல் விட்டு எண்ணினார். ஐந்து பேர், ஏழு நாள்.
மறுபடி எண்ணினார்.
என்னைப் பார்த்தார்.
நான் அரசாங்கத்தின் மைக்கூட்டை
மூடிக்கொண்டிருந்தேன்.