டீசலின் நிறத்தில் ஒரு தரை

கார்பெண்டர் இருதயராஜ் கேட்டார்:
"ஹால் தரை எந்தக் கலர்மா?"
டீசலைக் கூப்பிட்டேன்.
வந்து, அவர் லுங்கியில் உரசி,
ஒரு கைப்பிடி முடியை விட்டுவிட்டுப் போனது.
"இந்தக் கலர்."

பெயர்தான் டீசல். ஆள் வெள்ளை.
சுத்த வெள்ளையும் இல்லை,
காய்ச்சி ஆறிய பாலின் ஆடை.
எர்ணாவூரில் தண்ணீரோடு எண்ணெயும் வந்த டிசம்பரில்
எங்கள் கட்டிலின் மேல் ஏறி நின்றது,
கறுப்பாய், யார் வீட்டு நாய் என்று தெரியாமல்.
நாலு நாள். ஒரு லிட்டர் தேங்காயெண்ணெய்.
ஆறு பார் சோப்பு.
ஐந்தாம் நாள் உள்ளேயிருந்து வேறு நாய் வந்தது.
பெயரை மாற்றத் தோன்றவில்லை.

இப்போது திருவொற்றியூர், தேரடிக்குப் பின்னால்,
தரைத்தளம், நானூற்றுப் பத்து சதுர அடி.
அதில் பாதி சுவர் என்பான் டில்லிபாபு.

பளபளக்கும் டைல்ஸைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டி
"மூஞ்சி பாத்துக்கலாம் மேடம்" என்றார் கடைக்காரர்.
என் மூஞ்சி எனக்குத் தெரியும்.
பின்னங்கால் வழுக்காத தரை எங்கே?
"அது பாத்ரூமுக்குப் போடறதாச்சே."
ஹாலுக்கு அதைத்தான் போட்டோம்.

சோபாவுக்கு ரெக்சின் வேண்டாம், நெத்திலி கிழிக்கும்.
நெத்திலி, காசிமேட்டு ஐஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்து
டில்லிபாபுவின் ஹெல்மெட்டில் வந்த பூனை.
நகம் நுழையாத நெருக்கமான துணி, கழற்றித் துவைக்கிற உறை,
ஒரே ஒரு காலுக்கு மட்டும் கயிற்று நார் சுற்றி,
இதை நீ பிய்த்துக்கொள், மீதியை எங்களுக்கு விடு
என்று ஓர் ஒப்பந்தம்.
ஒரு தரப்பு இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

ஜன்னலுக்கு ஸ்டீல் வலை.
சிங்க்கின் அடியில், இழுத்தால் வரும் பலகையில் இரண்டு கிண்ணம்.
வாசலில் முழங்கால் உயரத்தில் ஒரு குழாய்,
கடற்கரை மணல் அங்கேயே நின்றுவிட.
டிவிக்கு மேலே படிப்படியாய் நெத்திலியின் ஷெல்ஃபுகள்.
பக்கத்து வீட்டுக் குமுதவல்லி அண்ணாந்து பார்த்து,
"நல்லாருக்கு, புக்கெல்லாம் எப்ப வாங்குவீங்க?" என்றாள்.

கடைசியாக டீசலின் படுக்கை.
"இன்னாமா, இவ்ளோ ஒசரத்துலயா? நாய்க்குக் கீழதான போடுவாங்க?"
"முப்பத்தோரு அங்குலம் அண்ணே. குறையக் கூடாது.
ஏறி வர ஒரு சாய்வுப் பலகை, அதுமேல சாக்கு ஒட்டிடுங்க."
"அது இன்னா கணக்கு, முப்பத்தொண்ணு?"
பழைய வீட்டுச் சுவரில் எண்ணெய் போட்ட கோடு
முப்பதில் இருந்தது என்றேன்.

காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.
31 என்று எழுதினார். கொஞ்சம் நின்று,
அதை அடித்துவிட்டு 36 என்று எழுதினார்.
"மீதி பலகை என்னோடது."

ஒரு மாதம் டீசல் அதில் ஏறவே இல்லை.
வாசல் மிதியடிதான் வேண்டும்,
தலைக்கு என் ஒற்றைச் செருப்பு.
பலகையில் இஸ்திரித் துணி சேர்ந்தது,
கேஸ் புத்தகம், பழைய ஹெல்மெட்.
"ஏழாயிரம்" என்பான் டில்லிபாபு அவ்வப்போது,
யாரைப் பார்த்தும் இல்லை.

நேற்று ராத்திரி மழை.
இரண்டு மணி இருக்கும்.
இருட்டில், சாக்கின் மேல் நகங்கள் ஏறும் சத்தம்.
துணி சரிந்தது. ஹெல்மெட் உருண்டு
சோபாக் காலில் முட்டி நின்றது.
டில்லிபாபுவும் விழித்துத்தான் இருந்தான்.
ஏழாயிரம் என்று சொல்லவில்லை.

காலையில் தரையைப் பார்த்தேன்.
முடி கொட்டியிருக்கிறதா, இல்லையா,
சொல்ல முடியாத அளவுக்குப் பொருத்தம்.
கீழே கிடந்த என் கறுப்புச் சுடிதாரில் மட்டும்
நன்றாகத் தெரிந்தது.
ஏழரை ஷிஃப்ட். வேறு துணி இஸ்திரி போட நேரமில்லை.
அதையே உடுத்திக்கொண்டு
கண்டெய்னர் யார்டுக்குப் போனேன்.