மூன்றாம் பாட்டில் ஒரு டிக்

ஸ்டூவர்ட் தெரு ஏற்றத்தில்
வண்டியைச் சாய்வாக நிறுத்தி, விளக்குகளை மினுக்க விட்டு
நான்கு பால் கிரேட்டுகளை இறக்கினேன்.
டனிடனில் ஜூன் மாதக் காற்றுக்கு
ஆளும் கிரேட்டும் ஒன்றுதான்.
ஒரு வெற்று உறை பறந்துபோய்
மீன்கடைக் கதவில் அப்பிக்கொண்டது.

கடை வாடகை ஏறிவிட்டதாம்.
நான் ஓட்டும் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள்.
அதற்காக வந்தேன் என்று மார்னியிடம் சொல்லவில்லை.
வீட்டில் இடமில்லை என்றேன்.
பொய்.
லோர்னா போன பிறகு
வீட்டில் இடம் ஒன்றுதான் மிச்சம்.

மார்னி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஒவ்வொரு தட்டாய் விளக்கடியில் சாய்த்தாள்.
அரிசியில் கல் பொறுக்குகிற கண்.
"எட்டு டாலர்."
"ஆறு போதும்."
"எட்டு."
"சரி, ஐந்து."
விற்கிறவன் இறக்க, வாங்குகிறவள் ஏற்ற,
பின்னால் நின்ற மாணவன் ஒருவன்
ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டான்.

"இங்கே பார் ரேவி,
பாவம் பார்த்துக் கொடுத்தாயானால்
நல்லவனாக இருந்த களைப்பில் மறுபடி வரமாட்டாய்.
எட்டுக்கு வாங்கிப் பதினைந்துக்கு விற்கிறேன்.
நடுவில் இருக்கிற ஏழின் மேல்தான்
இந்தக் கூரை நிற்கிறது.
அனுதாபப்பட ஆயிரம் பேர்.
சரக்குக்குத்தான் ஆளில்லை."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது கிரேட்டில்
நீல உறையில் ஒன்று.
அவள் சிரித்துவிட்டாள்.
"அடடா, வந்துவிட்டாயா" என்றாள், என்னிடம் அல்ல.
உள்ளுறையை உருவிக் காட்டினாள்:
மூலையில் பென்சில் எழுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக.
ஆறு டாலர், 94.
நான்கு டாலர், 2003.
பதினெட்டு, 2011.
எந்தப் புகுந்த வீட்டிலும் தங்காமல்
பெட்டியோடு திரும்பி வருகிற பெண்.
ஒவ்வொரு முறையும் ஒரு வார வாடகையில்
கொஞ்சம் கட்டிவிட்டுப் போகிறாள்.

"ஆறு எப்படி நான்கானது?"
கேட்டுவிட்டேன், சும்மாதான்.
"கீறல். இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு.
அதற்கு இரண்டு டாலர் கழித்தேன், நன்றாக ஞாபகம்."

ஊசியை வைத்தாள்.
டிக்.
டிக்.

ஈரக் காலுறையோடு ஆடி
மேசையில் நான் இடித்த இரவு அது.
அதுவரை இரண்டாம் பக்கத்தை நாங்கள் போட்டதே இல்லை.
மறுநாள் போட்டோம். டிக் என்றது.
"உன் கைபட்டது எது உருப்பட்டது?" என்றாள் லோர்னா.
பிறகு உடைந்த ஒவ்வொன்றுக்கும்,
தட்டு, குழாய், ஒரு கிறிஸ்துமஸ்,
அந்த டிக்கையே சாட்சிக்கு அழைத்தாள்.
நானும் ஒப்புக்கொண்டேன்.
பதினொரு வருடம்.

இன்வர்கார்கில்லில் இப்போது மணி மூன்று,
வேலையில் இருப்பாள்.
போனை எடுத்தேன்.
என்னவென்று சொல்வது?
பென்சிலில் எழுதியிருக்கிறது என்றா?

"இதற்குப் பத்து" என்றாள் மார்னி.
"பன்னிரண்டு" என்றேன்.
முதன்முறையாக நேர்வழியில் பேரம்.
பதினொன்றில் முடிந்தது.

கீழே இன்னொரு வரி எழுதினாள்:
இருபத்திரண்டு. மூன்றாம் பாட்டில் ஒரு டிக்.
அந்த மாணவன் ஏற்கனவே
சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தான்.

காலி கிரேட்டுகளோடு வெளியே வந்தால்
வைப்பருக்கு அடியில் அபராதச் சீட்டு படபடக்கிறது,
நாற்பது டாலர்.
இதுவும் நான் செய்ததில்லை என்று
ஒரு கணம் தோன்றியது.
இது நான் செய்ததுதான்.
கட்டிவிட்டேன், அன்றைக்கே.