ஐந்து நாள் உறிஞ்சக் கூடாது

கீழ்த்தாடை, இடப்பக்கம், கடைசிக்கு முந்தினது.
அந்த வரிசையில்
அதற்கு மட்டும்தான் வலிக்கத் தெரிந்திருந்தது.

டாக்டர் எச்செவெரிக்கு என் மகள் வயது.
ஊசி போட்டுக் காத்திருந்து
"இப்போது?" என்று தாடையைத் தட்டினாள்.
யாரோ அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியதுபோலக் கேட்டது.

வலி இல்லை. சத்தம்தான்.
சத்தம் மரத்துப்போக ஊசி கிடையாது.
ஏற்றத்தில் என் பழைய பேருந்தை
இரண்டாம் கியருக்குத் தள்ளும்போது எழும் முனகல்
அப்படியே மண்டையோட்டுக்குள்.

பிறகு தட்டில் 'டிங்'.
இரண்டு வேர். ஒன்று தூண்டில்முள் மாதிரி வளைந்திருந்தது.
"இவன்தான் விடமாட்டேன் என்றவன்.
வேண்டுமா?"
சட்டைப்பையில் சில்லறையோடு போட்டுக்கொண்டேன்.

ஒரு தாள் தந்தாள்.
சூடாக எதுவும் கூடாது. துப்பக் கூடாது. புகைக்கக் கூடாது.
ஐந்து நாள் உறிஞ்சக் கூடாது.
உறிஞ்சினால் குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்து வரும்,
எலும்பு காற்றைக் குடிக்கும்.
மொந்தேவிதேயோவில் ஒரு மனிதனிடம் இதைச் சொல்ல
அவள் கொஞ்சம் குரலைத் தாழ்த்த வேண்டியிருந்தது.

பணிமனையில் அதேமார்
வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கி
மாத்தே ஊற்றுகிறான்.
ஒரு சுரைக்குடுக்கை, ஒரு குழல், ஏழு ஓட்டுநர்கள்.
திருப்பித் தரும்போது 'நன்றி' என்றால்
'போதும், இனி எனக்கில்லை' என்று அர்த்தம்.
சொல்லும்வரை வந்துகொண்டே இருக்கும்.
வாய் நிறையப் பஞ்சு. நன்றியை எங்கே வைப்பேன்?
மூன்று சுற்று கையில் வாங்கி
பச்சை நுரை அடங்குவதைப் பார்த்துவிட்டு
வில்மார் பக்கம் தள்ளினேன்.
நான்காவதில் அதேமார் முறைத்தான்:
"என் கைப்பக்குவம் அவ்வளவு மோசமா?"
வீங்கிய கன்னத்தைத் திருப்பிக் காட்டினேன்.
எல்லாரும் சிரித்தார்கள்.
எனக்குச் சிரிக்கவும் முடியாது, தையல்.

வீட்டில்தான் கஷ்டம்.
மகள் ஸ்பெயினுக்குப் போக
சுல்மாவைக் கேட்காமல் பணம் எடுத்துக் கொடுத்தேனே,
அன்றிலிருந்து எங்களுக்கு நடுவே
போய்வந்தது அந்தக் குடுக்கை ஒன்றுதான்.
காலை ஐந்து மணிக்கு அவள் ஊற்றுவாள்,
நான் உறிஞ்சித் திருப்புவேன், அவள் உறிஞ்சுவாள்.
ஒரே குழல், இரண்டு வாய், பேச்சு இல்லை.
இரண்டு வருஷம் ஓடியது
பல்லைக் கடித்துக்கொண்டு.

முதல் நாள் நீட்டினாள். கையசைத்தேன்.
கன்னத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
தானே குடித்தாள்.
கடைசி மிடறில் குழல் கரகரவென்று இழுக்குமே,
அந்த ஓசை இவ்வளவு பெரிதா?

மூன்றாம் இரவு மாத்திரை இறங்கிவிட்டது.
நாக்கு குழிக்குள் போய்ப் போய்ப் பார்க்கிறது
பூட்டிய வீட்டை விடாத கடன்காரன் மாதிரி.
சமையலறை விளக்கைப் போட்டேன்.
உப்பு எங்கே என்று தெரியவில்லை.
முப்பத்தொரு வருஷக் கல்யாணம்,
உப்பு எங்கே என்று தெரியவில்லை.

பின்னால் அவள் நின்றாள்.
வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை.
பயணச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்: உப்பு.

மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுத்தாள்,
வெந்நீரோடு பச்சைத்தண்ணீர் விளாவினாள்,
மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள்
கைக்குழந்தைப் பாலுக்குப் பார்ப்பதுபோல.
"கொப்பளிக்காதே. சும்மா வைத்திரு.
தலையைச் சாய், தானாக விழட்டும்."
இளஞ்சிவப்பாய் ஒழுகியது.
முகத்தைத் திருப்பாமல் நின்றாள்.

இன்னொரு சீட்டில் எழுதினேன்:
உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.
விளக்கருகே கொண்டுபோய்ப் படித்தாள்.
"எழுத்து கோணல்" என்றாள்.
சீட்டைத் திருப்பித் தரவில்லை.

நான்காம் நாள் வீக்கம் மஞ்சள் பூத்து
கழுத்துக்கு இறங்கியது.
பூசணி மசியல், ஆறிய கஞ்சி, மறுபடி பூசணி.
ஞாயிறு என்பதால் தெருவெல்லாம் இறைச்சி சுடும் புகை.
ஜன்னலைச் சாத்தியது நானில்லை.

ஆறாம் நாள், காலை ஐந்து மணி.
ஊற்றினாள். வழக்கத்தைவிடச் சூடு குறைவு.
குழலை வலப்பக்கம் ஒதுக்கி உறிஞ்சினேன்.
கசப்பு. குழியில் சுருக்கென்றது, போய்விட்டது.

குடுக்கையை அவள் கையில் கொடுத்தேன்.
டாக்டருக்குச் சொன்ன சொல், மருந்துக்கடையில் சொன்ன சொல்
நுனிநாக்கில் இருந்தது.
சொல்லவில்லை.

அவள் ஏற்கனவே அடுத்ததை ஊற்றிக்கொண்டிருந்தாள்.