பின் இடது

ஆணி அடிக்கக் கூடாது.
கண்டனூர் வீட்டு மாடி ஹாலில்
சாத்தப்பன் சொன்ன முதல் பேச்சே அதுதான்.
சுவர் பதினான்கு புள்ளிக்குப் பொது.
ஒரு ஆணிக்குப்
பினாங்கிலிருந்து ஒரு கையெழுத்து வேண்டும்,
பெங்களூரிலிருந்து இரண்டு,
செத்துப்போன ஒருவருக்கு
வாரிசுச் சான்றிதழ்.

சரி, ஸ்டாண்டில் நிறுத்துகிறேன் என்றேன்.

நடு ஹாலில் நின்று ஒருமுறை கை தட்டினேன்.
முட்டை வெள்ளைக்கரு இழைத்த சுவர்
ஒரு தட்டலை ஒன்பதாகத் திருப்பிக் கொடுத்தது.
"வட்டி" என்று சிரித்தார்.
ஜெரால்டு ஏணி போட்டு ஏறி
விட்டத்துக் கம்பியில்
நான்கு ஜமக்காளம் தொங்கவிட்டான்.
வட்டி குறைந்தது.

டேப்பை நான் எடுக்கவே இல்லை.
கீழே ஆத்தங்குடிக் கல், கல்லுக்கு ஒரு பூ.
சோபாவிலிருந்து முன் இடதுக்குப் பதிமூன்று பூ
முன் வலதுக்குப் பதிமூன்று பூ
டிவிக்கடியில் நடு ஸ்பீக்கர்;
வசனமெல்லாம் அதன் வாய் வழியாகத்தான்.
ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கவேண்டும் என்று
அவரை உட்காரவைத்துத்
தரையிலிருந்து காதுவரை சாண் போட்டேன்,
சட்டை தைக்க வந்தவன் மாதிரி.

அப்புறம் சப்-வூஃபரைத் தூக்கிச் சோபாவில் அமர்த்திவிட்டு
நான் தரையில் தவழ்ந்தேன்.
எந்த மூலையில் பேஸ் திரண்டு நிற்கிறதோ
அந்த மூலைதான் அதற்கு இடம்.
காபியோடு வந்த சிகப்பி
சோபாவில் பெட்டியையும்
தூண் ஓரம் முட்டிபோட்ட என்னையும் பார்த்து
"என்ன தொலைத்தீர்கள்?" என்றார்.

பின் வலதில் சிக்கல் இல்லை.
பின் இடதுதான்.
நூற்றுப்பத்து டிகிரியில் கோடு இழுத்தால்
அது போய் முட்டுவது
நாச்சியப்பன் பங்கு அறையின் வாசலில்.
பச்சைக் கதவு, பித்தளைப் பூட்டு.
சித்தப்பா மகன், திருச்சியில் இருக்கிறார்,
ஆறு வருஷமாகப் பேச்சில்லை.
எதனால் என்று நான் கேட்கவில்லை.
நான் ஒயர் இழுக்க வந்தவன்.

"நாலு பூ தள்ளி வைங்க."
வைத்தேன். சோதனை இரைச்சலை ஓடவிட்டேன்.
இஸ்ஸ்ஸ் என்று
முன் இடது, நடு, முன் வலது, பின் வலது
ஒழுங்காகச் சுற்றி வந்தது
கடைசித் திருப்பத்தில் தடுக்கி விழுந்தது.
மறுபடி ஓட்டினேன். மறுபடி விழுந்தது.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
சிகப்பிதான் போனை எடுத்துத்
திருச்சிக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார்.
காபி ஆறுவதற்குள் பதில்:
"வைக்கட்டும். அதிலே என்ன சத்தம் வரும்?"

போன் என் வாய்க்கு நேரே நீண்டது.
மழை வரும் ஐயா, என்றேன்.
கூட்டம் வரும். காற்று வரும்.
யாரோ பின்னாலிருந்து நடந்து வருவது வரும்.
பேச்சு மட்டும்
அநேகமாக வராது.

இரண்டு நீலக் கோடு விழுந்தது. வேறொன்றும் இல்லை.

ஸ்டாண்டைக் கதவோரம் நகர்த்தினேன்.
தாமதம் கணக்குப் பார்த்து ஏற்றினேன்.
மழைக்காட்சி ஒன்றைப் போட்டதும்
தூறல் பச்சைக் கதவிலிருந்து கிளம்பி
ஹாலைச் சுற்றிக்கொண்டு பெய்தது.
ஜெரால்டு அண்ணாந்து கூரையைப் பார்த்தான்.

இடி வந்தபோது
கூடவே கடகடவென்று ஒரு நாராசம்.
கோன் கிழிந்துவிட்டதென்று பயந்து
ஒவ்வொன்றாக அணைத்துக் காது வைத்தேன்.
ஸ்பீக்கர் இல்லை.
நாற்பது ஹெர்ட்ஸில்
பூட்டு ஆடுகிறது.

பையில் ஃபோம் துண்டு இருந்தது, தேடினேன்.
அதற்குள் சாத்தப்பன் எழுந்து போய்
பூட்டைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு
"ஓடட்டும்" என்றார்.

ஓடியது.
பாலம் இடிந்தது, ரயில் கவிழ்ந்தது,
ஐந்து பக்கத்திலிருந்தும் சத்தம்
ஒரே நொடியில் வந்து சேர்ந்தது
நான் சாண் போட்டு அளந்த அந்தக் காது உயரத்தில்,
ஆளில்லாத சோபாவுக்கு.

அவர் கதவோரம் நின்றார், விரல்கள் அதிர.
ரிமோட் சிகப்பி மடியில் இருந்தது.
அவர் சத்தத்தைக் குறைக்கவில்லை.